தேங்காய்க் கொட்டகையில் ஒரு மின்விசிறி

நான் வேலைபார்த்து ஓய்வுபெற்ற அறக்கட்டளையிலிருந்து இளைய அலுவலர்கள் இரண்டு பேர் போன மாதம் வீட்டுக்கு வந்திருந்தார்கள். கல்வி உதவி கேட்கும் குடும்பங்களை இப்போது யாரும் நேரில் போய்ப் பார்ப்பதில்லை, வீட்டைப் படம் எடுத்து அவர்களே செல்போனில் அனுப்பிவிடுகிறார்கள் என்று பெருமையாகச் சொன்னார்கள். காபி வருவதற்குள் பெருமை தீர்ந்து உண்மை வந்துவிட்டது. ஒரே குடிசை பல விண்ணப்பங்களில் வருகிறதாம். ஒரு படத்தில் ஆடு இடதுபக்கம் நிற்கிறது, இன்னொன்றில் வலதுபக்கம் நிற்கிறது. ஆடு மட்டும் மாறவில்லை.

"அப்பெல்லாம் நீங்களே நேர்ல போயிருக்கறீங்க சார். உங்களை யாரும் ஏமாத்தியிருக்க முடியாதுங்களே" என்றார் இருவரில் பெண் அலுவலர்.

ஏமாற்றியிருக்கிறார்கள் அம்மணி, ஆனால் எதிர்த்திசையில், என்றேன். புரியவில்லை என்றார்கள். எழுதித் தருகிறேன், ஆண்டு மலரில் போடுங்கள் என்றேன். உடனே இருவரும் கடிகாரத்தைப் பார்த்தார்கள். போட்டாலும் போடாவிட்டாலும் எழுதிவிட்டேன்.

நான் கோயம்புத்தூரில் ஒரு மாலைப் பத்திரிகையில் நிருபராக இருந்தவன். காய்கறி மண்டி நிலவரம், மலைப்பாதையில் பஸ் கவிழ்ந்தது, அமைச்சர் வந்தது, அமைச்சர் வருவதாகச் சொல்லி வராதது, எல்லாம் எழுதியிருக்கிறேன். பத்திரிகை நின்றபோது அதைப் பற்றிச் செய்தி எழுதத்தான் ஒரு பத்திரிகை இல்லாமல் போயிற்று. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அறக்கட்டளை என்னைக் கள அலுவலராக எடுத்துக்கொண்டது. அடைமொழி போடாமல் எழுத வரும், ஓடுகிற பஸ்ஸில் நின்றுகொண்டே தூங்க வரும். இவ்விரண்டும்தான் என் தகுதிகள்.

அறக்கட்டளை ஒரு மில் குடும்பத்துடையது. அந்தக் குடும்பத்தின் மூத்த மகன் வெளிநாட்டில் படித்தபோது, அங்கே ஊர் ஊராகப் போய்ப் பழம் பறிக்கிற கூலிக் குடும்பங்களின் பிள்ளைகள் கல்லூரிக்குப் போக ஒரு நிதி இருப்பதைப் பார்த்திருக்கிறார். நல்ல மனிதர். உண்மையாகவே மனம் இளகி ஊர் திரும்பினார். நம் பக்கத்திலும் கரும்பு வெட்டவும் மஞ்சள் எடுக்கவும் வெளி மாவட்டத்திலிருந்து குடும்பம் குடும்பமாக வருகிறார்களே, அவர்கள் பிள்ளைகளுக்குச் செய்வோம் என்றார். இளகிய மனதைச் சட்டதிட்டமாக இறுக்கும் வேலை செயலரிடம் ஒப்படைக்கப்பட்டது.

செயலர் ஒரு நூற்பாலையில் தொழிலாளர் அதிகாரியாக இருந்தவர். வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாத வேட்டி. கோப்புகளை மேசை விளிம்புக்கு இணையாக வைப்பார். நாம் தெரியாமல் கை வைத்துவிட்டால் பேச்சை நிறுத்தாமல் நேராக்கிக்கொள்வார். 'முடியாது' என்ற சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. "பாக்கலாமுங்க" என்பார். அதற்கு அர்த்தம் முடியாது என்பதுதான் என்று கண்டுபிடிக்கவே எனக்கு ஒரு வருடம் ஆனது. இன்னொரு அடையாளமும் உண்டு. ஒப்புதல் தருகிற அறிக்கை என்றால் நமக்கு அரை டம்ளர் காபி வரும். தள்ளுபடி என்றால் டம்ளர் நிறைய வரும். ஆறுதலையும் அவர் அளந்துதான் கொடுப்பார்.

அவர் போட்ட முதல் விதி, மாணவரின் குடும்பம் ஓர் ஊரில் நிலையாகக் குடியிருப்பதற்கு இருப்பிடச் சான்று கொண்டுவர வேண்டும் என்பது. ஊர் ஊராகப் போகிறவர்களுக்கான நிதி இது என்று நினைவூட்டினேன். "அது செரிதானுங்க. ஆனா ஊர் ஊராப் போறவங்களை எந்த ஊர்ல போய்ப் பாக்கறதுங்க?" என்றார். கரும்பு வெட்டும் ஊரின் கிராம நிர்வாக அலுவலர், இவர்கள் எங்கள் ஊர்க்காரர்கள் இல்லை என்றார். சொந்த ஊரில் இருந்தவர், இவர்கள் இங்கே இருப்பதே இல்லையே என்றார். இருவரும் பொய் சொல்லவில்லை.

இரண்டாவது விதி நேர்விசாரணை. கூரை, விளக்கு, பாத்திரம், கால்நடை, வாகனம் ஆகிய ஐந்தையும் கள அலுவலர் தன் கண்ணால் பார்த்து எழுத வேண்டும். அலுவலகத்தில் இதற்கு 'ஐந்து பார்வை' என்று பெயர். வால்பாறையில் ஒரு தேயிலைத் தோட்டத் தொழிலாளியின் மகனைப் பார்க்கக் கொண்டை ஊசி வளைவெல்லாம் ஏறிப் போனேன். எஸ்டேட் லைன் வீட்டின் மேல் வெள்ளைக்காரன் காலத்து ஓடு இருந்தது. ஓடு கம்பெனியுடையது, வீடும் கம்பெனியுடையது, வேலை போனால் வீடும் போகும் என்று எழுதினேன். செயலர் 'ஓடு' என்ற இடத்தில் விரலை வைத்தார். எனக்கு டம்ளர் நிறையக் காபி வந்தது.

இப்போது பச்சையம்மாளுக்கு வருகிறேன்.

கள்ளக்குறிச்சிப் பக்கத்துப் பெண். அப்பா ஏழுமலை, அம்மா அஞ்சலை. இருவரும் ஒவ்வொரு சீசனுக்கும் சத்தியமங்கலம் வட்டாரத்தில் கரும்பு வெட்ட வருகிறவர்கள். அவள் பள்ளி விடுதியில் தங்கிப் பன்னிரண்டாவது முடித்து, கோயம்புத்தூரில் ஒரு பெண்கள் கல்லூரியில் கணிதத்துக்கு இடமும் வாங்கிவிட்டாள். விடுதிப் பணம் மட்டும் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் என்ன ஆகும் என்பதும் முடிவாகியிருந்தது. ஆள் கூட்டி வருகிற மேஸ்திரி, அடுத்த சீசனுக்கு முன்பணம் கொடுக்கும்போது மகளுக்கும் ஒரு கத்தி, அதாவது ஓர் ஆள், சேர்த்துக் கணக்கு வைத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். அவள் பெயரில் முன்பணம் வாங்கிவிட்டால் சீசன் முடியும்வரை எழுந்து வர முடியாது. முடிந்த பிறகு அடுத்த முன்பணம் வரும். அந்தக் கூட்டத்தில் யாரும் படிப்புக்குத் திரும்பியதாக மேஸ்திரிக்கே ஞாபகம் இல்லை.

கரும்பு வெட்டுகிறவர்களைத் தேடிப்பிடிப்பது தனி வித்தை. முகவரி கேட்டால் கிடைக்காது. சர்க்கரை ஆலையின் கரும்பு அலுவலகத்துக்குப் போய், இந்த வாரம் யார் காட்டுக்கு வெட்டு உத்தரவு போட்டிருக்கிறது என்று கேட்க வேண்டும். உத்தரவு எந்தத் தோட்டத்துக்கோ அந்தத் தோட்டத்தில் குடிசை இருக்கும். அப்படிக் கேட்டுத்தான் அவர்கள் பொன்னுச்சாமி என்பவர் தோட்டத்தில் இருப்பதைக் கண்டுபிடித்தேன். உடனே போயிருந்தால் கதையே இல்லை. ஆனால் மூன்றாவது விதி ஒன்று இருந்தது. தோட்ட உரிமையாளருக்கு முன்கூட்டித் தகவல் அனுப்ப வேண்டும். விண்ணப்பித்த குடும்பத்தின் கௌரவம் கருதி, எதற்காக வருகிறோம் என்று அதில் எழுதக் கூடாது. ஆகவே பொன்னுச்சாமிக்குப் போன கடிதத்தில், தங்கள் தோட்டத்தில் தங்கியுள்ள தொழிலாளர் குடும்பத்தை எம் அலுவலர் நேரில் ஆய்வு செய்ய வருகிறார், ஒத்துழைக்கவும் என்று மட்டும் இருந்தது. மேலே அறக்கட்டளையின் முத்திரை. தூரத்திலிருந்து பார்த்தால் அரசாங்க முத்திரை போலவே இருக்கும். அப்படித் தெரிய வேண்டும் என்றுதான் செய்திருந்தார்கள்.

நான் போனபோது பொன்னுச்சாமி வண்டிப்பாதை வரைக்கும் வந்து நின்றுகொண்டிருந்தார்.

"வாங்க வாங்க. ஏனுங்க, இந்த வெயில்ல நடந்தேவா வந்தீங்க? சொல்லியிருந்தா வண்டி அனுப்பியிருப்பனுங்களே. எளநி வெட்டச் சொல்லட்டுங்களா?"

திரும்பி, "ஏய் ஏழுமலை, எந்திரிச்சு நில்லு!" என்றார். எனக்கு ஒரு மூச்சில் அத்தனை 'ங்க' கொடுத்தவரிடம் ஏழுமலைக்குக் கொடுக்க ஒன்றுகூட மிச்சம் இல்லை.

என்னை அழைத்துப்போன இடம் ஓடு போட்ட ஒரு கொட்டகை. தேங்காய் போட்டுவைக்கிற கொட்டகை என்பதை மூலையில் கிடந்த மட்டைகள் சொல்லின. நடுவில் மெத்தை போட்ட கட்டில். மெத்தை விரிப்பில் கடையில் மடித்த மடிப்பு அப்படியே இருந்தது. வரிசையாக எவர்சில்வர் குடங்கள். குடத்தின் கழுத்தில் 'பொ.சி.' என்று பெயர் வெட்டியிருந்தது. முக்காலி மேல் ஒரு டேபிள் ஃபேன். கட்டில் ஓரத்தில் அஞ்சலை பட்டுச்சேலை கட்டிக்கொண்டு, அந்தச் சேலை எங்கே கசங்கிவிடுமோ என்று பாதி உட்கார்ந்தும் பாதி நின்றும் இருந்தாள். அவள் உள்ளங்கையில் கரும்பின் காய்ந்த இலையான சோகை கிழித்த கீறல்கள். பச்சையம்மாள் சுவரோரம் நின்றாள்.

நான் கேள்விகளைத் தொடங்கினேன்.

"கூலி எப்படி வருது?"

"நெறைய வருது சார்" என்றார் ஏழுமலை. கண் என் மேல் இல்லை. எனக்குப் பின்னால் நின்ற பொன்னுச்சாமி மேல் இருந்தது.

"செலவு போக மிஞ்சுதா?"

"மிஞ்சுது சார். வெக்கறதுக்கு எடம் இல்ல."

"சாப்பாடு?"

"மூணு வேளையும் சோறு சார். ஐயா ஊட்டுலேர்ந்து கொழம்பு வந்துரும்."

அன்று குழம்பு வந்திருந்ததா என்று கேட்க எனக்கு உரிமை இல்லை. ஐந்து பார்வையில் குழம்பு கிடையாது. கடைசிக் கேள்விக்கு வந்தேன்.

"பொண்ணு காலேஜ் போறதுக்கு உதவி தேவைப்படுதா?"

"எங்களுக்கு ஒரு கொறையும் இல்ல சார். எதுவும் வேணாம்."

பச்சையம்மாள் அப்பாவைப் பார்த்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டாள். அதற்கு மேல் எனக்கு அங்கே வேலை இல்லை. பேனாவை மூடினேன். நெற்றி வியர்வையைத் துடைத்தேன்.

அந்த வியர்வைதான் எல்லாவற்றையும் மாற்றியது. கொங்கு நாட்டில் விருந்தாளி வியர்ப்பதை வீட்டுக்காரரால் பார்த்துக்கொண்டு நிற்க முடியாது.

"அடடா, சாருக்கு வேர்க்குது பாரு. அம்மணி, அந்த ஃபேனைப் போட்டு உடு!" என்றார் பொன்னுச்சாமி.

பச்சையம்மாள் போனாள். கட்டிலுக்கு அடியில் சுருட்டி ஒளித்திருந்த வயரை இழுத்தாள். கையில் பிளக்கைப் பிடித்துக்கொண்டு நான்கு சுவரையும் நிதானமாகப் பார்த்தாள். கொட்டகையில் மின் இணைப்பே கிடையாது.

"எங்கங்க ஐயா சொருவறது?" என்றாள், மிக மரியாதையாக.

அஞ்சலை சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். அது அழுகையா சிரிப்பா என்று நான் எழுதிக்கொள்ளவில்லை.

பொன்னுச்சாமியைத் தென்னை மரத்துக்கு அடியில் தனியாக அழைத்துப்போய், நான் யார், எதற்கு வந்தேன் என்று சொன்னேன். முகம் முதலில் வெளுத்தது, பிறகு தெளிந்தது, அப்புறம் கோபம் வந்தது.

"அட, ஏனுங்க! கரும்பாளுங்களைக் கொத்தடிமையா வெச்சிருக்கறாங்கன்னு அங்கங்க ஆபீசருங்க வாராங்கன்னு பேச்சுங்க. ஆய்வுன்னு எழுதியிருக்குது, முத்திரை வேற போட்டிருக்குது. நான் என்னன்னு நெனைக்கறது? ராத்திரியோட ராத்திரியா எல்லாத்தையும் செஞ்சுபோட்டேனுங்க. படிப்புப் பணம்னு ஒரு வார்த்தை எழுதியிருந்தா, எப்பவும் இருக்கற மாதிரியே உட்டிருப்பனுங்களே!"

அதைவிடத் தெளிவான வாக்குமூலத்தை நான் பத்திரிகையில் இருந்த காலத்திலும் கேட்டதில்லை.

எப்பவும் இருக்கிற மாதிரி என்பதைப் பச்சையம்மாள் காட்டினாள். பாதி வெட்டிய காட்டின் ஓரத்தில், கரும்புச் சோகை வேய்ந்த ஒரு குடிசை. உள்ளே போகக் குனிந்தால் போதாது, உட்கார்ந்து நகர வேண்டும். கூரைக் கழியில் யூரியாச் சாக்கு ஒன்று தொங்கியது. அதற்குள் அவள் புத்தகங்கள்.

"ஐயாகிட்ட நான் சொன்னேன் சார், இது காலேஜ் விசயமாத்தான் இருக்கும்னு" என்றாள். "ஒனக்கு என்ன தெரியும், சும்மா இருன்னுட்டாரு."

"அப்பாகிட்ட சொல்லலையா?"

"அப்பாவுக்குத் தெரியும் சார். ஆனா கூலி கணக்கு ஐயாகிட்டல்ல இருக்கு."

இரண்டையும் பார்த்தபடி அறிக்கையில் எழுதினேன். கொட்டகை, கட்டில், பெயர் வெட்டிய குடம், வயர் செருக இடமில்லாத ஃபேன், குடிசை, யூரியாச் சாக்கு. அடைமொழி ஒன்றுகூட இல்லை. செயலர் நின்றுகொண்டே படித்தார். விரல் ஒவ்வொரு வரியாக இறங்கியது. கடைசியில் விரல் நின்றது.

"அப்ப ரெண்டு ஊடுன்னு ஆகுதுங்களே" என்றார்.

"ஒண்ணு அவங்களோடது இல்லைங்க சார்."

"தங்கியிருந்ததை நீங்க பாத்திருக்கறீங்க. அது அவங்களோடது இல்லைங்கறது நீங்க நெனைக்கறது. பாத்ததை எழுதுங்க, நெனைச்சதை எழுதாதீங்க. பத்திரிகையில இருந்தவரு, உங்களுக்கு நான் சொல்லணுங்களா? வேற வழி ஏதாச்சும் பாக்கலாமுங்க."

டம்ளர் நிறையக் காபி வந்தது. ஆடையுடன்.

பச்சையம்மாளைக் காப்பாற்றியது நான் அல்ல. அவளுடைய மதிப்பெண்ணும் அல்ல. அச்சகம். ஆண்டு விழா அழைப்பிதழ் ஏற்கெனவே அச்சாகி வந்திருந்தது. நிகழ்ச்சி நிரலில், மூத்த மகனின் விருப்பப்படி, 'கரும்பு வெட்டும் தொழிலாளியின் மகளுக்கு உதவித்தொகை வழங்கல்' என்று தங்க எழுத்தில் இருந்தது. விண்ணப்பித்தவர்களில் கரும்பு வெட்டும் தொழிலாளியின் மகள் ஒருத்திதான் இருந்தாள். செயலர் அழைப்பிதழையும் என் அறிக்கையையும் அருகருகே வைத்து, இரண்டின் விளிம்பையும் நேராக்கி, நெடுநேரம் பார்த்தார். பிறகு, "நானே ஒருக்கா நேர்ல வாரேனுங்க" என்றார்.

இந்த முறையும் கடிதம் முன்னால் போயிற்று. காரணத்தை எழுதலாம் என்று செயலரே விதியைத் தளர்த்தினார். அது இன்னொரு தவறு. பொன்னுச்சாமி உதவும் மனம் கொண்டவர். எங்கள் கார் போய் நின்றபோது சோகைக் குடிசையில் பாதிக் கூரை இல்லை. ஏழுமலையின் டிரான்சிஸ்டர், அஞ்சலையின் அலுமினியப் பாத்திரங்கள், கொடியில் கிடந்த துணி, எல்லாம் மாயமாகியிருந்தன. அந்தக் குடும்பத்திடம் எடுத்துக்கொண்டுபோக ஏதாவது இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

"எல்லாத்தையும் எடுத்துப்போட்டேனுங்க" என்று என் காதில் சொன்னார் பொன்னுச்சாமி. "இப்ப பாத்தா யாரா இருந்தாலும் மனசு எரங்குமுங்க."

செயலர் கைக்குட்டையால் மூக்கைத் தொட்டுக்கொண்டு பார்த்தார். "இவ்வளவு கஷ்டத்துல இருக்கற புள்ளைங்க இது. காலேஜுல மூணு வருசம் தாக்குப்புடிக்குமுங்களா? பாதியில நின்னுபோட்டா நம்ம பணம் வீண்தானுங்களே" என்றார் என்னிடம். வசதி இருந்தபோது தேவையில்லை. வசதி இல்லாதபோது தாங்காது. எங்கள் உதவிக்குத் தகுதியான ஏழை, அந்தக் கொட்டகைக்கும் இந்தக் குடிசைக்கும் இடையில் வரப்பின் மேல் எங்கோ நின்றிருக்க வேண்டும்.

அன்று அவர்களுக்கு அந்தக் காட்டில் வெட்டு முடிந்திருந்தது. மறுநாள் சீசன் கணக்குத் தீர்த்து, மேஸ்திரி முன்பணம் கொடுக்கிற நாள். பச்சையம்மாளுக்கு அது தெரியும். செயலருக்குத் தெரியாது, தெரிந்தாலும் ஐந்து பார்வையில் அது வராது.

அவர் அவளை அழைத்தார். "ஏன் கண்ணு, நீ எதுக்குப் படிக்கணும்னு ஆசைப்படறே? சொல்லு பாக்கலாம்."

எல்லாப் பிள்ளைகளிடமும் அவர் கேட்கிற கேள்விதான். நாட்டுக்குச் சேவை என்று பதில் வரும். நான் அதை எழுதிக்கொள்வேன்.

பச்சையம்மாள் என்னைப் பார்த்தாள், பொன்னுச்சாமியைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள்.

"நீங்க எந்த ஊட்டப் பாக்க வந்தீங்கன்னு மொதல்ல சொல்லுங்க சார். ஓட்டுக் கொட்டாவா, இந்தக் குடிசையா? அதுக்குத் தக்கன சொல்றேன். நாளைக்கு என்னை வெட்டுக்குச் சேத்துக்குவாங்க. அதுக்கப்பறம் எந்த ஊட்டுக்கு வந்தீங்கன்னாலும் நான் இருக்க மாட்டேன்."

விண்ணப்பதாரர் தன்னைக் கேள்வி கேட்பது செயலருக்கு அதுவே முதல்முறை. ஏழுமலை, "சார், சின்னப் புள்ள சார், தெரியாம பேசுது" என்று கையைக் கூப்பினார். செயலர் காரில் போய் உட்கார்ந்தார். கார் புளியம்பட்டியைத் தாண்டியது. அதன்பிறகு, "அழைப்பிதழ் வேற அடிச்சுபோட்டோமுங்க" என்றார். அலுவலகம் சேர்ந்ததும் எனக்குக் காபி வந்தது. அரை டம்ளர்.

அன்று மாலையே ஒப்புதல் கடிதத்தை நான் கையில் எடுத்துக்கொண்டு திரும்ப பஸ் ஏறினேன். மேஸ்திரிக்கு முன்னால் போய்ச் சேர வேண்டியிருந்தது. சேர்ந்தேன். ஏழுமலைக்குப் படிக்கத் தெரியாது. முத்திரையைத் தடவிப்பார்த்துவிட்டு மகளிடம் கொடுத்தார்.

விழா ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. பயனாளிகள் எளிய உடையில் வர வேண்டும் என்று செயலர் என் மூலமாகச் சொல்லி அனுப்பியிருந்தார். நல்ல துணியில் வந்தால் புகைப்படத்தில் உதவி தெரியாதாம். பச்சையம்மாள் பெயரைக் கூப்பிட்டார்கள். மேடை ஏறினாள். அஞ்சலை அன்று கொட்டகையில் கட்டியிருந்த அதே பட்டுச்சேலையில்.

அந்தச் சேலையைப் பொன்னுச்சாமியின் மனைவி திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. தாராள மனது என்று என் குறிப்பில் முதலில் எழுதியிருந்தேன். கரும்பு வெட்டுகிறவள் கட்டிய சேலையை அந்த வீட்டில் பிறகு யார் கட்டுவார்கள் என்று யோசித்தபோது அதை அடித்துவிட்டேன்.

செயலர் சிரித்த முகத்தை மாற்றாமல், உதடு மட்டும் அசைய, "ஏன் கண்ணு, சாதாரணத் துணியில வரச் சொன்னமில்ல?" என்றார்.

"இதுவும் இன்ஸ்பெக்சன்னு நெனச்சேன் சார்" என்றாள் அவள், அதே மரியாதையுடன்.

மூத்த மகன் உரக்கச் சிரித்தார். அவருக்குக் கதை தெரியாது. பெண் கெட்டிக்காரி என்று மட்டும் பட்டது. அந்தப் புகைப்படம் அலுவலகச் சுவரில் மாட்டப்படவில்லை. பக்கத்தில் நின்ற இன்னொரு மாணவனின் படத்தை மாட்டினார்கள். அவன் சட்டையில் பொத்தான் ஒன்று இல்லை, மிகவும் பொருத்தமாக இருந்தது.

பச்சையம்மாள் மூன்று வருடமும் படித்தாள். ஒவ்வொரு வருடமும் புதுப்பித்தலுக்கு நேர்விசாரணை உண்டு. ஒவ்வொரு வருடமும் நான் சர்க்கரை ஆலைக்குப் போய் வெட்டு உத்தரவு எங்கே என்று கேட்டு ஏழுமலையைக் கண்டுபிடித்தேன். கடிதம் முன்னால் போகாதபடி, தபால் செலவைச் சிக்கனம் செய்வதாகக் கோப்பில் எழுதிவைத்தேன். செயலர் பாராட்டினார்.

இப்போது அவள் மேட்டுப்பாளையம் பக்கம் அரசுப் பள்ளியில் கணித ஆசிரியை. எந்தக் கணக்கெடுப்பு வந்தாலும் அரசாங்கம் ஆசிரியர்களைத்தான் வீடு வீடாக அனுப்பும். கூரை என்ன, விளக்கு என்ன, வாகனம் என்ன என்று கேட்டுக் குறிக்க வேண்டும். இளைய அலுவலர்கள் போன பிறகு அவளைத் தொலைபேசியில் கூப்பிட்டு, ஒரே ஆடு பல வீட்டில் நிற்கிற சங்கதியைச் சொன்னேன். நீயாக இருந்தால் எப்படிச் சரிபார்ப்பாய் என்று கேட்டேன்.

இத்தனை வருடத்தில் அவள் பேச்சிலும் இந்த ஊர் ஏறிவிட்டது. "வாரேன்னு முன்னாடி சொல்ல மாட்டேனுங்க சார்" என்றாள். பிறகு சற்று யோசித்து, "ஃபேன் இருக்குதான்னு கேள்வித்தாள்ல இருக்குமுங்க. அதை அப்படியே கேக்க மாட்டேன். சுவிட்சு எங்கே இருக்குதுன்னு கேப்பேனுங்க" என்றாள்.